பழங்கால வீரர்களுடன் பேஸ்பால் சிமுலேஷன் லீக் நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

1930-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் பில் டெர்ரி 0.401 என்ற மட்டைச் சராசரியுடன் பருவத்தை முடித்தார். 1968-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பிட்சர் (பந்தெறிபவர்) பாப் கிப்சன், ஃபீல்டிங் பிழைகளால் வந்த ரன்களைக் கழித்துவிட்டால், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ரன்களையே விட்டுக்கொடுத்தார். இவ்விருவரும் எதிரெதிரே நின்றால் யார் வெல்வார் என்ற கேள்விக்குப் பதிவேடுகளைக் கொண்டும் பகடையைக் கொண்டும் விடை தேடுவதே பழங்கால வீரர்களின் சிமுலேஷன் லீக். கிரிக்கெட்டில் பழகியவர்கள் ஒன்றை முதலில் கவனத்தில் கொள்ள வேண்டும்: பேஸ்பாலில் மட்டைச் சராசரி என்பது, கணக்கில் சேரும் மட்டை வாய்ப்புகளில் எத்தனை ஹிட்டாக, அதாவது பந்தை அடித்துப் பத்திரமாகப் பேஸை (ஓடிச் சேர வேண்டிய இடத்தை) அடைவதாக, முடிந்தன என்ற விகிதமாகும். பத்தில் மூன்று ஹிட், அதாவது 0.300, நல்ல மட்டையாளரின் அடையாளம்.

இந்த வகை லீக்கை ஃபேன்டஸி விளையாட்டுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஃபேன்டஸியில் இன்று மைதானத்தில் நடக்கும் ஆட்டத்தின் புள்ளிகள் நம் கணக்கில் ஏறுகின்றன. சிமுலேஷனில் நடந்து முடிந்த ஒரு பருவத்தின் பதிவுகள் நிகழ்தகவுகளாக மாற்றப்பட்டு, ஒவ்வொரு பந்தெறிவு மோதலும் புதிதாக ஆடப்படுகிறது. எனவே லீக்கின் நம்பகத்தன்மை முழுவதும் அந்த மாற்றம் எவ்வளவு நேர்மையாகச் செய்யப்பட்டது என்பதையே சார்ந்திருக்கிறது. ஒவ்வொரு வீரரையும் முதலில் அவருடைய காலத்தோடு ஒப்பிட்டு அளந்த பிறகே பிறருடன் மோதவிட வேண்டும் என்பதை இந்த வழிகாட்டியின் அடிப்படை விதியாக வைத்துக்கொள்ளலாம்.

படி 1: எந்தக் காலம், எந்த வீரர்கள்

மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, ஒரே ஒரு பருவத்தை அப்படியே மறுபடி ஆடுவது. இரண்டாவது, 1920 முதல் 1941 வரை என்பதுபோல் ஒரு காலகட்டத்தை வரையறுத்து, அதற்குள் இருந்து வீரர்களைப் பங்கிட்டுக்கொள்வது. மூன்றாவது, எல்லாக் காலத்து வீரர்களையும் ஒரே தொகுப்பில் சேர்ப்பது. மூன்றாவதுதான் எல்லோரையும் ஈர்க்கும். ஆனால் மிகக் கூடுதலான முன்வேலையைக் கேட்பதும் அதுவே. முதல் முறையாக லீக் நடத்துபவர் இரண்டாவது வழியில் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. 1920 முதல் 1941 வரையிலான காலத்தில் பேப் ரூத், லூ கெரிக், ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி, லெஃப்டி குரோவ், ஜோ டிமாஜியோ, டெட் வில்லியம்ஸ் அனைவரும் வந்துவிடுகிறார்கள். ஆட்டத்தின் தன்மையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறது.

இந்தக் கட்டத்திலேயே இன்னொன்றையும் எழுதி வைத்துவிட வேண்டும். ஒரு வீரரின் எந்தப் பதிவைப் பயன்படுத்துவது? அவருடைய மிகச் சிறந்த ஒரு பருவமா, வாழ்நாள் சராசரியா, அல்லது குறிப்பிட்ட சில ஆண்டுகளின் கூட்டுத்தொகையா? ஹார்ன்ஸ்பி 1924-இல் 0.424 அடித்தார்; அந்த ஒற்றைப் பருவத்தை ஏற்றால் அவர் வேறொரு வீரராகவே ஆகிவிடுவார். ஒவ்வொருவருக்கும் உச்சப் பருவத்தை அனுமதித்தால், ஒரே ஓராண்டு மட்டும் ஒளிர்ந்தவரும் இருபது ஆண்டுகள் நிலைத்து ஆடியவரும் சமமாகிவிடுவார்கள். தொடர்ச்சியான ஐந்து பருவங்களின் கூட்டுத்தொகை பெரும்பாலான லீக்குகளுக்குப் பொருத்தமாக இருக்கும்.

படி 2: ஆட்ட இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தல்

பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் நகரில் டிக் சைட்ஸ் 1951-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஏபிபிஏ, ஹால் ரிச்மன் 1961-இல் வெளியிட்ட ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் ஆகிய இரண்டும் அட்டையும் பகடையும் கொண்ட மரபின் தூண்கள். ஏபிபிஏ-வில் பெரிய பகடை பத்தாம் இடமாகவும் சிறிய பகடை ஒன்றாம் இடமாகவும் வாசிக்கப்பட்டு 11 முதல் 66 வரை 36 முடிவுகள் கிடைக்கின்றன. மட்டையாளரின் அட்டை தரும் எண்ணை, பேஸ்களில் யார் நிற்கிறார்கள் என்பதற்கேற்ற அட்டவணையில் பார்க்க வேண்டும். ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் தனிப் பகடை 1, 2, 3 காட்டினால் மட்டையாளரின் அட்டையையும், 4, 5, 6 காட்டினால் பிட்சரின் அட்டையையும் பார்க்கிறோம். மற்ற இரு பகடைகளின் கூட்டுத்தொகை வரியைக் காட்டுகிறது. ஆக, சரிபாதி வாய்ப்பு மட்டையாளர் கையிலும் மறுபாதி பிட்சர் கையிலும் இருக்கிறது.

கணினியில் நடத்த விரும்புவோருக்கு டைமண்ட் மைண்ட் பேஸ்பால், அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால் ஆகியவை உள்ளன. பின்னதில் லீக்கின் மொத்தப் புள்ளிவிவரங்களை நாம் விரும்பும் ஆண்டின் அளவுக்குச் சரிக்கட்டும் பெருக்கிகள் இருப்பதால், பல காலத்து வீரர்களைக் கலப்பவர்களுக்கு அது மிகவும் உதவும். நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் மகிழ்ச்சிக்கு அட்டையே சிறந்தது. எட்டுப் பேர் எட்டு ஊர்களில் இருந்தால் கணினியே நடைமுறைக்கு உகந்தது.

படி 3: காலத்தைச் சமன்செய்தல்

முழு வழிகாட்டியிலும் கூடுதல் பொறுமை வேண்டிய பகுதி இது. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் தேசிய லீக், அமெரிக்கன் லீக் என்ற இரண்டைக் கொண்டது. 1930-இல் தேசிய லீக் முழுவதன் மட்டைச் சராசரியே 0.303. 1968-இல் அமெரிக்கன் லீக்கின் சராசரி வெறும் 0.230, அந்த ஆண்டு அங்கே முதலிடம் பெற்ற கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி அடித்தது 0.301 மட்டுமே. பிட்சர்களின் ஆதிக்கம் அவ்வளவு மிகுந்ததால்தான் 1969-இல் பிட்சர் நிற்கும் மேட்டின் உயரம் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. பதிவேட்டை அப்படியே எடுத்தால், டெர்ரி யாஸ்ட்ரெம்ஸ்கியைவிட நூறு புள்ளிகள் (அதாவது 0.100) மேலானவர் என்றாகிவிடும், அது உண்மையன்று.

சமன்செய்யும் முறை எளிது. ஹிட் ஆகும் வாய்ப்பை, ஆகாத வாய்ப்பால் வகுத்து வரும் எண்ணைச் சாதக விகிதம் என்று வைத்துக்கொள்வோம். டெர்ரிக்கு 0.401-ஐ 0.599-ஆல் வகுத்தால் 0.669, அவருடைய லீக்குக்கு 0.303-ஐ 0.697-ஆல் வகுத்தால் 0.435. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.54, அவர் தம் காலத்தின் சராசரி மட்டையாளரைவிட எத்தனை மடங்கு என்பதை இது சொல்கிறது. இதே கணக்கில் யாஸ்ட்ரெம்ஸ்கிக்கு 1.44 வருகிறது. நம் லீக்கின் பொதுச் சராசரி 0.270 ஆக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தால், அதன் சாதக விகிதமான 0.370-ஐ இந்த மடங்கால் பெருக்கி, கிடைப்பதை, அதனுடன் ஒன்றைக் கூட்டிய எண்ணால் வகுத்து, மீண்டும் சராசரியாக மாற்ற வேண்டும். டெர்ரிக்கு 0.363, யாஸ்ட்ரெம்ஸ்கிக்கு 0.348. நூறு புள்ளி இடைவெளி பதினைந்தாகச் சுருங்கிவிட்டது. 1908-இல் லீக் சராசரி 0.239-ஆக இருந்தபோது 0.354 அடித்த ஹானஸ் வாக்னர், இதே கணக்கில் 0.392-ஐத் தொட்டு இருவரையும் தாண்டிச் செல்கிறார். அவர் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே ஃபீல்டிங் செய்பவர்) என்ற கடினமான இடத்தில் ஆடியவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பங்கீட்டில் முதல் தெரிவாக அவரை எடுப்பவர் தவறு செய்யவில்லை.

பிட்சருக்கும் இதே வழிதான். 1968-இல் கிப்சனுக்கு எதிராக மட்டையாளர்கள் அடித்த சராசரி 0.184; அந்த ஆண்டு தேசிய லீக்கின் சராசரி 0.243. மடங்கு ஏறத்தாழ 0.70. எனவே 0.270 லீக்கில் டெர்ரியும் கிப்சனும் மோதும்போது, 0.370 பெருக்கல் 1.54 பெருக்கல் 0.70 என்று கணக்கிட்டு மீண்டும் சராசரியாக மாற்றினால் டெர்ரியின் எதிர்பார்ப்பு சுமார் 0.286. மட்டையாளர், பிட்சர், லீக் ஆகிய மூன்றையும் இப்படி ஒரே சூத்திரத்தில் இணைக்கும் சிந்தனை, பேஸ்பால் புள்ளியியலில் பில் ஜேம்ஸ் பரப்பிய லாக்5 முறையிலிருந்து வளர்ந்தது.

அட்டை விளையாட்டில் வேறொரு சிக்கல் எழும். பாதி வாய்ப்பு மட்டும் மட்டையாளர் அட்டையில் விழுவதால், டெர்ரி தம் லீக்கில் 0.401 அடிக்க வேண்டுமானால், அவருடைய அட்டையில் மட்டும் ஏறத்தாழ 0.499 அளவுக்கு ஹிட் நிரம்பியிருக்க வேண்டும். யாஸ்ட்ரெம்ஸ்கி அட்டைக்கு 0.372 போதும். அதாவது ஒவ்வொரு அட்டையும் தன் ஆண்டின் எதிராளிகளை மனத்தில் வைத்தே அச்சிடப்படுகிறது. 1930-இன் அட்டைகளையும் 1968-இன் அட்டைகளையும் ஒரே பெட்டியில் போட்டு ஆடுவோர் இதை அறியாமலேயே முன்னவர்களுக்குப் பெரும் சலுகை கொடுத்துவிடுகிறார்கள். அட்டையில் ஆடுவதாக இருந்தால் லீக் சராசரிகள் நெருங்கியிருக்கும் பருவங்களுக்குள் நின்றுகொள்வதே நியாயம்.

ஹோம் ரன்னுக்கு (பெரும்பாலும் பந்து எல்லைக்கு வெளியே போய் மட்டையாளர் எல்லாப் பேஸ்களையும் சுற்றி வரும் அடி) மட்டும் இந்தப் பெருக்கலைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. 1913-இல் பிராங்க் பேக்கர் 12 ஹோம் ரன்களுடன் அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பெற்றார். 1920-இல் பேப் ரூத் ஒருவரே அடித்த 54-ஐ, யாங்கீஸ் தவிர்த்த மற்ற ஏழு அணிகளில் ஒன்றுகூட முழு அணியாகவும் எட்டவில்லை. அந்த மடங்கை ஹோம் ரன் மலிந்த ஒரு காலத்துக்குக் கொண்டுபோனால், எந்த மைதானத்திலும் நடக்க முடியாத எண்கள் வந்து நிற்கும். இலக்குச் சூழலை 1920-களின் பிற்பகுதி போன்ற இடைநிலைக் காலமாக வைத்து, தனி வீரரின் ஹோம் ரன் விகிதத்துக்கு ஓர் உச்சவரம்பையும் எழுதிவிடுவது அவசியம்.

படி 4: பதிவுகளின் இடைவெளிகளை நிரப்புதல்

வீரர்களின் பருவவாரிப் பதிவுகளைத் தொகுத்த லாமன் தரவுத்தளமும், 1989-இல் தொடங்கப்பட்ட ரெட்ரோஷீட் அமைப்பின் ஆட்டவாரிப் பதிவுகளும் இந்தப் பணிக்குப் போதுமானவை. ஆனால் பழைய பதிவேடுகளில் ஓட்டைகள் உண்டு. தேசிய லீக்கில் 1910-க்கு முன்பும் அமெரிக்கன் லீக்கில் 1913-க்கு முன்பும் மட்டையாளரின் ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக்குகளால் ஆட்டமிழத்தல்) எண்ணிக்கை அதிகாரப்பூர்வமாக வைக்கப்படவில்லை. 1926 முதல் 1950 வரை தேசிய லீக்கில் பேஸ் திருடும்போது (ஹிட் எதுவும் இல்லாமலே அடுத்த பேஸுக்கு ஓடும்போது) பிடிபட்ட எண்ணிக்கையும் அவ்வாறே. 1929-இல் 43 பேஸ்களைத் திருடி முதலிடம் பெற்ற கிகி கைலர் எத்தனை முறை பிடிபட்டார் என்ற கட்டம் காலியாக இருந்தால், சில நிரல்கள் அதைச் சுழியம் என்று வாசித்து, அவரை ஒருபோதும் பிடிபடாத ஓட்டக்காரராக ஆக்கிவிடும். 1915-இல் 96 பேஸ்களைத் திருடிய டை காப் 38 முறை பிடிபட்டார் என்பதை அளவுகோலாகக் கொண்டால், பதிவு இல்லாதவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வெற்றி என்று விதிப்பது நியாயமாக இருக்கும்.

கறுப்பின வீரர்களுக்கெனத் தனியாக நடந்த நீக்ரோ லீக்குகளின் வீரர்களைச் சேர்க்காமல் பழங்கால லீக் என்று சொல்லிக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது. நிற வேலி 1947-இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை அவர்களைத் தடுத்து நிறுத்தியிருந்தது. ஜாஷ் கிப்சன் அதே ஆண்டு ஜனவரியில், ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, மறைந்தார். 1920 முதல் 1948 வரையிலான அந்த லீக்குகளை மேஜர் லீக் பேஸ்பால் 2020 டிசம்பரில் பெரிய லீக்குகளாக அங்கீகரித்து, 2024-இல் அவற்றின் புள்ளிவிவரங்களைத் தன் பதிவேட்டில் இணைத்தது; அதன்படி ஜாஷ் கிப்சனின் வாழ்நாள் சராசரி 0.372, 1943-ஆம் ஆண்டின் சராசரி 0.466. பருவங்கள் குறுகியவை என்பதால் ஒரே ஆண்டின் எண்ணை நேரடியாக அட்டையில் ஏற்றுவது அவருக்கும் பிறருக்கும் நியாயமாகாது. பல பருவங்களைக் கூட்டி, அதனுடன் லீக் சராசரி அளவிலான 150 மட்டை வாய்ப்புகளைச் சேர்த்துக் கணக்கிட்டால், தற்செயலின் பங்கு குறைந்து அவருடைய உண்மையான வலிமை தெரியும். அப்படிச் செய்த பிறகும் அவர் மிகச் சிறந்த கேட்சர்களின் (மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்களின்) வரிசையிலேயே நிற்பார்.

படி 5: வீரர் பங்கீடு

எட்டு அணிகள், அணிக்கு 25 வீரர்கள் என்பது கையாளத்தக்க அளவு. முதல் சுற்றில் ஒன்று முதல் எட்டு வரை, அடுத்த சுற்றில் எட்டு முதல் ஒன்று வரை எனத் திரும்பித் திரும்பிச் செல்லும் வரிசை பாகுபாடற்றது. ஒவ்வோர் அணியிலும் இரண்டு கேட்சர்கள், குறைந்தது ஒன்பது பிட்சர்கள், ஷார்ட்ஸ்டாப்பில் உண்மையில் ஆடிய அனுபவமுள்ள இருவர் இருக்க வேண்டும் என்று விதியுங்கள். ஒருவர் தம் வாழ்வில் ஆடாத இடத்தில் அவரை நிறுத்த அனுமதித்தால், ஒன்பது இடங்களிலும் ஹோம் ரன் அடிப்பவர்களை நிறுத்தும் அணிகள் உருவாகிவிடும்.

200 சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் லீக்கில் எவரும் தம் பழைய எண்களை அப்படியே திரும்பப் பெற மாட்டார்கள். ஒவ்வொரு நாளும் குரோவையும் வால்டர் ஜான்சனையும் எதிர்கொள்பவர் 0.340 அடிப்பது கடினம். இதைப் பங்கீட்டுக்கு முன்பே எல்லோரிடமும் விளக்கிவிட்டால் பின்னர் எழும் மனக்கசப்பு பெருமளவு குறையும். கணினியில் நடத்துவோர், பங்கீடு முடிந்ததும் ஒரு முழுப் பருவத்தை வெள்ளோட்டமாக ஓட்டிப் பார்த்து, லீக் சராசரி இலக்கிலிருந்து விலகியிருந்தால் பெருக்கிகளைத் திருத்திய பின்னரே உண்மையான ஆட்டத்தைத் தொடங்க வேண்டும்.

படி 6: பயன்பாட்டு வரம்பு

1957-இல் மில்வாக்கி பிரேவ்ஸ் அணிக்கு நடுவில் வந்து சேர்ந்த பாப் ஹேசில் 41 ஆட்டங்களில், 134 மட்டை வாய்ப்புகளில் 0.403 அடித்தார். வரம்பு இல்லாத லீக்கில் அவர் ஹாங்க் ஆரனைவிடப் பெரிய வீரராகிவிடுவார். எனவே ஒவ்வொருவரும் தம் உண்மையான பருவத்தில் பெற்ற வாய்ப்புகளின் விகிதத்துக்கு மேல் ஆடக் கூடாது. நம் பருவம் 56 ஆட்டங்கள் என்றால், 154 ஆட்டப் பருவத்தில் 134 வாய்ப்பு பெற்ற ஹேசிலுக்கு 49 வாய்ப்புகள்.

பிட்சர்களிடம் இதே விதி வேறொரு அநியாயத்தை உண்டாக்கும். 1908-இல் எட் வால்ஷ் 464 இன்னிங்ஸ் எறிந்தார். 1968-இல் பாப் கிப்சன் 304 இன்னிங்ஸ் சொச்சம். விகிதப்படி 56 ஆட்டங்களில் வால்ஷுக்கு 169 இன்னிங்ஸும் கிப்சனுக்கு 105 இன்னிங்ஸும் கிடைக்கும். ஹோம் ரன் அபூர்வமாக இருந்த காலத்தில் பிட்சர்கள் ஒவ்வொரு பந்திலும் முழுவலிமையைச் செலவிட வேண்டியிருக்கவில்லை. ரூத், கெரிக் போன்றோர் வரிசையாக நிற்கும் லீக்கில் வால்ஷ் அத்தனை இன்னிங்ஸ் தாங்கியிருப்பார் என்று கொள்ள முடியாது. ஆகவே பல காலத்தவரைக் கலக்கும் லீக்கில் எந்தப் பிட்சருக்கும் ஏறத்தாழ 110 இன்னிங்ஸ் என்ற பொது உச்சவரம்பை வைக்குமாறு பரிந்துரைக்கிறேன்.

படி 7: மைதானம், விதிகள், அட்டவணை

ஒவ்வோர் அணியின் உரிமையாளரும் ஒரு பழைய மைதானத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். போலோ கிரவுண்ட்ஸில் வலது எல்லைக் கோடு 260 அடிக்கும் குறைவு, நடுப்பகுதியோ 480 அடியைத் தாண்டியது. ஃபென்வே பார்க்கின் இடப்பக்கச் சுவர் 37 அடி உயரம். மைதானத் தேர்வைப் பங்கீட்டுக்கு முன்பே முடித்துவிட்டால், அதற்கேற்ப அணி அமைக்கும் சிந்தனைக்கு இடம் உண்டு. பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்கும் தனி வீரர் விதி 1973-இல்தான் அமெரிக்கன் லீக்கில் வந்தது. பழங்கால லீக்கில் அதை விட்டுவிடுவதே பொருந்தும், ஏனெனில் நன்றாக மட்டை பிடித்த பிட்சர்களின் மதிப்பு அப்போதுதான் வெளிப்படும்.

எட்டு அணிகளும் ஒன்றோடொன்று 22 முறை மோதியதால்தான் பழைய பருவம் 154 ஆட்டங்களாக இருந்தது. நமக்கு எட்டு முறை, சொந்த மைதானத்தில் நான்கும் எதிரணி மைதானத்தில் நான்கும், போதும். வாரம் ஒரு நான்காட்டத் தொடர் என்றால் 14 வாரங்களில் 224 ஆட்டங்களும் முடிந்துவிடும். இருவரும் ஒரே நேரத்தில் அமர முடியாதபோது, சொந்த மைதான உரிமையாளர் எதிரணியின் எழுத்துக் குறிப்பைப் பின்பற்றி ஆட்டத்தை நடத்தலாம். பிட்சரை எந்த இன்னிங்ஸில் மாற்றுவது, யாருக்கு பன்ட் (பந்தை மெல்லத் தட்டிவிடும்) கட்டளை, யார் பேஸ் திருடலாம், இடக்கைப் பிட்சருக்கு எதிரான மட்டை வரிசை எது என்பன அந்தக் குறிப்பில் தெளிவாக இருக்க வேண்டும்.

படி 8: கணக்கு வைத்தல்

ஒவ்வோர் ஆட்டத்தின் ஸ்கோர் தாளும் மூன்று நாட்களுக்குள் லீக்கை நடத்தும் கமிஷனருக்கு வந்து சேர வேண்டும். வாரந்தோறும் சில சரிபார்ப்புகளைச் செய்யுங்கள்: மட்டையாளர்கள் அடித்த மொத்த ஹிட்டும் பிட்சர்கள் விட்டுக்கொடுத்த மொத்த ஹிட்டும் சமமாக இருக்க வேண்டும், ரன்களும் வெற்றி தோல்விகளும் அவ்வாறே. இடைவெளி வந்தால் அதே வாரம் தேடிக் கண்டுபிடிப்பது எளிது, பருவ முடிவில் ஏறக்குறைய இயலாத காரியம்.

குறுகிய பருவத்தில் தற்செயலின் பங்கு பெரிது. 200 மட்டை வாய்ப்புகளில் 0.300 திறனுள்ளவர் மூன்றில் இரண்டு தடவை 0.268-க்கும் 0.332-க்கும் இடையில்தான் நிற்பார். மிச்சத் தடவைகளில் அதற்கும் வெளியே போவார். உரிமையாளர் ஒருவர் தம் வீரரின் எண்கள் தவறாக ஏற்றப்பட்டுள்ளன என்று முறையிட்டால், முதலில் இந்த வரம்பைக் காட்டுங்கள். அணிக்கும் ஓர் அளவுகோல் உண்டு: அடித்த ரன்னின் வர்க்கத்தை, அடித்ததும் விட்டதுமான ரன்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால், எதிர்பார்க்கத்தக்க வெற்றி விகிதம் வரும். 280 ரன் அடித்து 240 ரன் விட்ட அணிக்கு 56-இல் 32 வெற்றிகள் நியாயம். 26 மட்டுமே வென்றிருந்தால், நெருக்கமான ஆட்டங்களில் பிட்சர் மாற்றத்தையும் எழுத்துக் குறிப்புகளையும் உரிமையாளர் மறுபரிசீலனை செய்யலாம்.

படி 9: கமிஷனரின் பொறுப்பு

லீக்குகள் கலைவது பெரும்பாலும் உரிமையாளர் பாதியில் விலகுவதாலும், வீரர் பரிமாற்றச் சண்டைகளாலும்தான். பரிமாற்றங்களுக்குப் பருவத்தின் 36-ஆவது ஆட்டத்தைக் கடைசி எல்லையாக வையுங்கள். தோற்றுக்கொண்டிருப்பவர் தம் சிறந்த வீரர்களை நண்பருக்குத் தாரைவார்ப்பதை அது தடுக்கும். சர்ச்சையைத் தீர்க்கும் குழுவில் கமிஷனர் தம் அணி சம்பந்தப்பட்ட வழக்கில் வாக்களிக்கக் கூடாது. விலகுபவரின் அணியை நடத்த ஒருவரைப் பருவம் தொடங்கும் முன்பே நியமித்து வைத்திருங்கள்.

முதலிரண்டு அணிகள் ஏழு ஆட்ட இறுதித் தொடரில் மோதி முடித்ததும், அடுத்த பருவம் எப்படி என்ற கேள்வி வரும். அனைவரையும் மீண்டும் தொகுப்பில் போட்டுப் பங்கிடுவது எளிது. அணிக்கு ஐந்து வீரர்களை மட்டும் தக்கவைத்து, மீதி இருபது இடங்களுக்கு, கடைசி இடம் பெற்ற அணி முதலில் தெரிவுசெய்யும் வரிசையில் புதிய பங்கீடு நடத்துவது அதைவிடச் சுவையானது. அணிக்கு ஓர் அடையாளம் தொடரும், பலவீனமான அணிக்கும் எழ வழி இருக்கும். தக்கவைத்த வீரர்களின் பட்டியல், புதிய பங்கீடு நடக்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே அனைவர் கையிலும் இருக்க வேண்டும்.